பிள்ளை பிடித்த பள்ளிக்கூடங்கள்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் ஊர்ச் சங்கதி அல்ல. கடல் கடந்து வட அமெரிக்காவில், கனடா தேசத்தில், 100 வருஷத்துக்கு மேல் நடந்துவந்த ஒரு காரியத்தைப் பற்றியதாகும். "எங்கேயோ பனி பெய்கிற தேசத்தில் நடந்ததற்கும், இங்கே வெயிலில் காய்கிற நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலருக்குத் தோன்றலாம். சம்பந்தம் இருக்கவே செய்கின்றது. முதலாவது, நம் தமிழ் மக்களில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இன்று அந்த தேசத்தில்தான் வீடு வாசலோடு வாழ்கின்றார்கள். அவர்கள் குடியிருக்கும் மண் யாருடைய மண், அந்த மண்ணுக்குரியவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது அழகல்ல. இரண்டாவது, மானம் என்பது தேசத்துக்குத் தேசம் வேறாக இருப்பதில்லை. ஒரு குழந்தையைப் பிடித்து, "நீ பிறந்த பிறப்பே இழிவு, உன் தாய் பேசும் பேச்சே இழிவு" என்று அது நம்பும்படி செய்துவிட்டால், அந்தக் கொடுமை எந்த தேசத்தில் நடந்திருந்தாலும் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதேயாகும்.

தோழர்களே! படிப்பு நல்லது என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. ஊருக்கு ஒரு கோயில் இருப்பதைவிட ஒரு பள்ளிக்கூடம் இருப்பது மேல் என்று சொல்லுகிறவர்கள்தான் நாம். ஆனால், படிப்பு என்ற பெயரைச் சொல்லிக்கொண்டே ஒரு ஜன சமூகத்தின் மானத்தையும், பாஷையையும், பெற்ற பிள்ளையையும் பறித்துவிட முடியும் என்பதற்குக் கனடா தேசத்துப் பாதிரிமார் பள்ளிக்கூடங்கள் ஒரு கண்கண்ட சாட்சியாக இருக்கின்றன. அந்த சாட்சியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

யார் இந்த ஜனங்கள்?

செவ்விந்தியர் என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். கொலம்பஸ் என்பவர் இந்தியாவுக்கு வழி தேடிப்போய், வேறு கரையில் இறங்கி, அதுதான் இந்தியா என்று எண்ணிக்கொண்டு வைத்த பெயர் அது. அந்த ஜனங்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் வேறு. கிரீ, ஓஜிப்வே, மோஹாக், வடகோடிப் பனிக்கரையிலுள்ள இன்யூயிட் என்று எத்தனையோ சமூகத்தார். 60-க்கு மேற்பட்ட பாஷைகள். வெள்ளைக்காரர் கப்பல் போவதற்குப் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பிருந்தே அந்த மண்ணில் வாழ்ந்து வருகிறவர்கள். அவர்களைப் பூர்வகுடிகள் என்று சொல்லுவதே பொருத்தமாகும்.

இந்த ஜனங்கள் படிப்பை வேண்டாமென்றவர்களா? அதுதான் இல்லை. 1871-ஆம் வருஷம் முதல் கனடா சர்க்கார் இவர்களோடு வரிசையாக உடன்படிக்கைகள் செய்துகொண்டு நிலத்தை வாங்கிக்கொண்டது. அந்த உடன்படிக்கைகளில், உங்கள் ஊரிலேயே பள்ளிக்கூடம் வைத்துத் தருகிறோம் என்ற வாக்குறுதியும் உண்டு. காலம் மாறிவிட்டது, காட்டெருமை அழிந்துவிட்டது, இனி நம் பிள்ளைகளுக்கும் எழுத்தும் கணக்கும் வேண்டும் என்று அவர்களே கேட்டுப் பெற்ற வாக்குறுதி அது. அவர்கள் கேட்டது தங்கள் ஊரில், தங்கள் கண் எதிரில் ஒரு பள்ளிக்கூடம். கிடைத்தது என்ன? நூறு மைல், இருநூறு மைலுக்கு அப்பால், வேலி போட்ட ஒரு கட்டடம்!

எண்ணம் என்ன?

1879-ல் நிக்கோலஸ் டேவின் என்பவரைக் கனடா சர்க்கார் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு அனுப்பி, அங்கே செவ்விந்தியப் பிள்ளைகளுக்கு நடத்தும் தங்கிப்படிக்கும் பள்ளிகளைப் பார்த்துவரச் சொன்னது. அவரும் பார்த்துவந்து, பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து வைத்தால்தான் காரியம் ஆகும், பாதிரிமாரிடம் விட்டால் செலவும் குறையும் என்ற தோரணையில் யோசனை சொன்னார். 1883-ல் பிரதம மந்திரி ஜான் மக்டானல்ட் பார்லிமெண்டில் எழுந்து, பிள்ளை வீட்டிலிருந்தபடியே படித்தால் எழுதப் படிக்கத் தெரிந்த காட்டுமிராண்டியாகத்தான் ஆகும், ஆகையால் வீட்டுச் செல்வாக்கிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டும் என்ற கருத்தை வெளிப்படையாகவே பேசினார். பிறகு இந்த இலாகாவின் தலைமை அதிகாரியாக 1913 முதல் 1932 வரை இருந்த டங்கன் காம்ப்பெல் ஸ்காட், செவ்விந்தியன் என்று தனியாக ஒருவன்கூட இல்லாமல் கரைந்துபோகும் வரை இந்த வேலையைத் தொடருவதே நோக்கம் என்று 1920-ல் சொன்னார். இவர் கனடாவில் பேர்போன கவி என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கவிபாடுகிற உள்ளம் எல்லாம் இரக்கமுள்ள உள்ளமாகிவிடாது.

ஆகவே தோழர்களே, இது ஏதோ நல்லெண்ணத்தோடு ஆரம்பித்து நடுவில் கெட்டுப்போன காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ஜனத்தை ஜனமாக இல்லாமல் செய்வதுதான் ஆரம்பத்திலேயே இருந்த எண்ணம். கத்தியால் செய்தால் கெட்ட பெயர். பள்ளிக்கூடத்தால் செய்தால் தர்மம் என்ற பெயர்!

1876-ல் செய்த செவ்விந்தியர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. பூர்வகுடியில் ஒருவன் படித்து டாக்டரானாலோ, வக்கீலானாலோ, பாதிரியானாலோ அவன் பூர்வகுடி என்ற அந்தஸ்தே போய்விடும் என்பது அந்த விதி. அதாவது, படித்தவன் எவனும் அந்த ஜனத்தில் இருக்கக்கூடாது; அந்த ஜனத்தில் இருப்பவன் எவனும் படித்தவனாக இருக்கக்கூடாது. நம் நாட்டு சாஸ்திரிகள் இதைப் பார்த்திருந்தால் நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டிருப்பார்கள்.

நடந்தது என்ன?

சர்க்கார் பணம் கொடுக்க, பாதிரிமார் நடத்தினார்கள். சுமார் 60 சதவிகிதம் கத்தோலிக்கருடையவை. மற்றவை ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடீரியன், பிற்காலத்தில் ஐக்கிய சபை ஆகியவற்றைச் சேர்ந்தவை. பிரான்ட்போர்டில் மோஹாக் பிள்ளைகளுக்கென்று வைத்த பள்ளியில் 1831-லேயே பிள்ளைகளைத் தங்கவைத்துவிட்டார்கள். அது 1970-ல்தான் மூடப்பட்டது. 1931-ல் ஒரே சமயத்தில் 80 பள்ளிகள் நடந்தன. மொத்தத்தில் சுமார் 1,50,000 பிள்ளைகள் இவற்றில் அடைபட்டார்கள்.

"அனுப்ப இஷ்டமில்லாதவர்கள் அனுப்பாமல் இருந்துவிடலாமே?" என்று கேட்பீர்கள். 1920-ல் சட்டத்தைத் திருத்தி, 7 வயது முதல் 15 வயது வரை உள்ள பூர்வகுடிப் பிள்ளைகளைச் சர்க்கார் சொல்லுகிற பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று ஆக்கினார்கள். பிள்ளையை ஒளித்துவைத்த தகப்பனுக்கு அபராதம் அல்லது ஜெயில். 1933 முதல் போலீஸ்காரர்களே பிள்ளை பிடிக்கிற அதிகாரிகளாக நியமிக்கப்பட்டார்கள். நம் ஊரில் குழந்தை சாப்பிடாவிட்டால் "பிள்ளைபிடிக்கிறவன் வருகிறான்" என்று பயம் காட்டுவோம். அங்கே மெய்யாகவே ஒவ்வொரு வருஷமும் கோடை முடிந்தவுடன் பிள்ளைபிடிக்கிறவன் வந்தான். அவன் கையில் சட்டம் இருந்தது. அவனுக்குப் பின்னால் சிலுவை இருந்தது.

போனவுடன் முதல் வேலை மயிரைக் கத்தரிப்பது. நீண்ட பின்னல் அந்த ஜனங்களுக்கு மானத்தின் அடையாளம். இரண்டாவது, வீட்டில் கட்டி அனுப்பிய உடுப்பைப் பறிப்பது. மூன்றாவது, பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைப்பது. பல இடங்களில் ஒரு நம்பர். நாலாவது, தாய்பாஷையில் வாய் திறந்தால் அடி. அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளியில் இருந்தாலும் பேசிக்கொள்ள முடியாது. ஃபில்லிஸ் வெப்ஸ்டாட் என்ற அம்மாள், 1973-ல் தமக்கு 6 வயதாக இருந்தபோது, பாட்டி வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனதையும், முதல் நாளே அதைக் கழற்றி வாங்கிக்கொண்டதையும், பிறகு அது திரும்பி வரவேயில்லை என்பதையும் சொல்லியிருக்கின்றார். ஒரு சட்டைதானே என்று தோன்றும். அந்த ஒரு சட்டைக்காக இன்று கனடா தேசம் முழுவதும் செப்டம்பர் 30-ந்தேதி ஜனங்கள் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வீதிக்கு வருகின்றார்கள். சட்டையோடு போனது என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கின்றது.

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 1840-ல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற ஒரு பாதிரியார் கிரீ பாஷைக்கென்றே ஒரு எழுத்து உண்டாக்கினார். அது பள்ளிக்கூடமே இல்லாமல், ஒருவரிடமிருந்து ஒருவராகக் கற்று, காடு மேடெல்லாம் பரவியது. அந்த ஜனங்களுக்கு அறிவில்லை என்பது பொய் என்பதற்கு இது ஒன்றே போதும். அப்படிப்பட்ட பாஷையைப் பேசியதற்குத்தான் பிற்காலப் பாதிரிமார் பள்ளியில் பிள்ளைகளின் கையில் பிரம்பு விழுந்தது!

சரி, மானம் போனாலும் படிப்பாவது வந்ததா? பாதி நாள் பாடம், பாதி நாள் வேலை. ஆண்பிள்ளைகள் வயலிலும் கொட்டிலிலும். பெண்பிள்ளைகள் துவைப்பதிலும் தைப்பதிலும் சமையற்கட்டிலும். இந்த ஏற்பாடு 1950-களின் தொடக்கம் வரை நடந்தது. 1930-ல் கணக்குப் பார்த்தபோது பூர்வகுடி மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் 1-வது வகுப்புக்கும் 3-வது வகுப்புக்கும் இடையிலேயே இருந்தார்கள். கூலியில்லாத வேலையாட்களுக்கு மாணவர் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதே உண்மை.

தலைக்கு இவ்வளவு

இனி சாவுக்கணக்கைச் சொல்லவேண்டும். அதற்கு முன் பணக்கணக்கைச் சொல்லவேண்டும். ஏனென்றால் இரண்டும் ஒரே கணக்குத்தான். 1892 முதல் சர்க்கார் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் பணம் கொடுத்தது. தலை கூடினால் பணம் கூடும். ஆகவே கத்தோலிக்கரும் பிராடெஸ்டண்டுகளும் போட்டிபோட்டுக் கொண்டு பிள்ளை சேர்த்தார்கள். க்ஷயரோகம் பிடித்த பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு, காற்றுப் புகாத கூடத்தில், நல்ல பிள்ளையின் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் போட்டார்கள். கொடுத்த பணமோ அற்பம். 1930-களின் பிற்பகுதியில் இந்தப் பிள்ளைகளுக்குத் தலைக்கு வருஷம் 180 டாலர் கொடுத்த அதே காலத்தில், மானிடோபா மாகாணத்துச் செவிடர் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு 640 டாலருக்கு மேல் செலவாயிற்று.

1907-ல் சர்க்காரின் தலைமை வைத்தியரான பீட்டர் பிரைஸ் என்பவரே பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். கணக்குக் கிடைத்த 15 பள்ளிகளில், 1,537 பிள்ளைகளில், கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இறந்துபோயிருந்தார்கள். சரியான கணக்கு வைத்திருந்த ஒரு பள்ளியில், படித்துவிட்டுப் போனவர்களில் 69 சதவிகிதம் பேர் இறந்திருந்தார்கள். காரணம் க்ஷயரோகம். பத்திரிகைகளில் வெளிவந்தது. தேசம் முழுவதும் தெரிந்தது. ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த ஒரு பெரிய வக்கீலான சாமுவேல் பிளேக் என்பவரே, தடுக்கக்கூடிய சாவைத் தடுக்காமல் இருப்பது கொலைக்குற்றத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிற காரியம் என்ற கருத்தை எழுதினார். என்ன நடந்தது? வைத்தியர் சொன்ன யோசனை தூக்கி மூலையில் போடப்பட்டது. வேலையை விட்டு அனுப்பப்பட்ட பிறகு 1922-ல் அவர் தம் கதையைச் சிறு புத்தகமாகப் போட்டு, இது ஒரு தேசம் செய்த குற்றம் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

பசியும் இருந்தது. 1948 முதல் 1952 வரை 6 பள்ளிகளில் சுமார் 1,000 பிள்ளைகளை வைத்து ஆகார ஆராய்ச்சி செய்தார்கள். பிள்ளைகள் பட்டினியால் வாடுகின்றார்கள் என்று தெரிந்தும், வயிறு நிறையப் போடுவதற்குப் பதிலாக, எதைக் கொடுத்தால் என்ன ஆகும், எதைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். பெற்றோரைக் கேட்கவில்லை. இது 2013-ல்தான் பகிரங்கமாயிற்று. விஞ்ஞானம் நமக்கு உயிர் போன்றது என்பதனாலேயே இதைச் சொல்லுகின்றோம். இரக்கத்தையும் கேள்வியையும் கழற்றி வைத்துவிட்டால் விஞ்ஞானம் என்ற பெயரும் புரோகிதத்துக்குத்தான் உதவும்.

ஓடிப்போன பிள்ளைகளின் கதையும் உண்டு. 1937 புத்தாண்டு நாளன்று லெஜாக் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஓடிய 4 சிறுவர்கள் ஏரிப் பனியில் உறைந்து செத்துக்கிடந்தார்கள். 1966 அக்டோபரில் கெனோரா நகரத்துப் பள்ளியிலிருந்து சானி வென்ஜாக் என்ற 12 வயதுப் பையன், சுமார் 600 கிலோமீட்டர் தூரத்திலிருந்த தன் தகப்பனிடம் போக, ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். குளிரில் தண்டவாளத்தருகிலேயே செத்தான். எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடவுள் பெயரில் என்ன லாபம்?

தோழர்களே! சர்க்காரே நேரில் இதைச் செய்திருந்தால் இவ்வளவு காலம் நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஜெயில் அதிகாரி பிள்ளையை அடித்தால் நாலு பேர் கேட்பார்கள். ஒரு பாதிரியார் அடித்தால் அது ஆத்மாவைத் திருத்துவதற்கு அடித்த அடி. பசி போட்டால் அது ஒழுக்கம். வேலை வாங்கினால் அது பயிற்சி. செத்துப் போனால் மோட்சம். இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு வேறு எங்கே கிடைக்கும்? பிள்ளை வந்து, "என்னை இரவில் இன்னார் கெடுத்தார்" என்று சொன்னால், கடவுளின் ஆளைப்பற்றிப் பொய் சொல்லுகிறாய் என்று அதற்கும் ஓர் அடி. பிற்காலத்தில் நஷ்ட ஈடு கேட்டு, உடலாலும் மானத்தாலும் கெடுக்கப்பட்டோம் என்று மனுப்போட்டவர்கள் 38,000-க்கு மேற்பட்டவர்கள். கோர்ட்டில் தண்டனை அடைந்த குற்றவாளிகளோ 50 பேர்கூட இல்லை. கடவுள் பெயர் எவ்வளவு நல்ல கவசம் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

இங்கே ஒரு கேள்வி வரும். "நம் நாட்டிலும் பாதிரிமார் பள்ளிகள் வைத்தார்களே, கிணற்றடிக்கும் வரக்கூடாது என்று தள்ளி வைக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு அவர்கள்தானே எழுத்தைக் கொடுத்தார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சர்ச் மிஷனரி சொசைட்டியார் திருநெல்வேலிச் சீமையில் வேலையைத் தொடங்கியதும், கனடாவின் செந்நதிக் கரைக்குத் தங்கள் உதவியோடு பாதிரியை அனுப்பியதும் ஒரே 1820-ஆம் வருஷத்தில்தான். கனடாவில் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்திய அமலமரித் தியாகிகள் சபையார்தான் 1847 முதல் யாழ்ப்பாணத்திலும் வேலை செய்தார்கள். அதே சபை, அதே அங்கி, அதே ஜெபம். பலன் மட்டும் ஏன் வேறாயிற்று?

காரணம் மதத்தில் இல்லை, அதிகாரத்தில் இருக்கின்றது. மதம் மாற்றும் எண்ணம் இங்கும் இருந்தது, அங்கும் இருந்தது. ஆனால், இங்கே பிள்ளைகளில் பெரும்பாலோர் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பின. பிடிக்காவிட்டால் தகப்பன் பிள்ளையை நிறுத்திக்கொள்ள முடிந்தது, போலீஸ் வரவில்லை. பள்ளியில் தமிழ் பேசினார்கள். பாதிரிமாரே தமிழ் படித்து, தமிழில் அச்சடித்தார்கள். அங்கே தகப்பனுக்கு வாயில்லை, தாய்க்கு வழியில்லை, பாஷைக்கு இடமில்லை. ஆகவே, கேட்பாரில்லாத அதிகாரத்தை எந்த மதத்தின் கையில் கொடுத்தாலும் அது இதைத்தான் செய்யும். இதைக் கேட்டு, "பார்த்தீர்களா கிறிஸ்தவத்தின் லட்சணத்தை!" என்று நம் சனாதனத் தோழர்கள் சந்தோஷப்பட வேண்டியதில்லை. அவர்கள் பிள்ளையைப் பள்ளிக்குள் இழுத்து மானத்தைப் பறித்தார்கள். இவர்கள் பள்ளிக்கு வெளியே நிறுத்தி மானத்தைப் பறித்தார்கள். வாசலில் எந்தப் பக்கம் நிறுத்தினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அப்பள்ளிகளில் அன்பாக நடந்துகொண்ட ஆசிரியர்களும் இருந்தார்கள் என்று படித்தவர்களே சொல்லியிருக்கின்றார்கள். அதை மறைப்பது நமக்கு அழகல்ல. ஆனால், நல்ல வார்டர் ஒருவர் இருப்பதால் ஜெயில் வீடாகிவிடாது.

மிச்சம் என்ன?

1969-ல் சர்க்கார் பள்ளிகளைச் சபைகளிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1970-ல் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ப்ளூ குவில்ஸ் என்ற பள்ளியில் பெற்றோர்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டு, "இதை நாங்களே நடத்துவோம்" என்று பிடிவாதம் செய்து ஜெயித்தார்கள். பிள்ளையைப் பிடித்துப்போன கட்டடத்தைப் பெற்றவர்களே பிடித்துக்கொண்டார்கள்! நாம் பாராட்டவேண்டியது இதைத்தான். கடைசிப் பள்ளிகள் 1990-களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டன.

பள்ளி மூடினால் சங்கதி மூடிவிடுமா? 5 வயதில் தாயின் மடியிலிருந்து பிடித்துப்போன பிள்ளை 16 வயதில் வெளியே வந்து கல்யாணம் செய்துகொண்டு ஒரு பிள்ளையைப் பெற்றால், அதை எப்படி வளர்ப்பது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அது கண்டதெல்லாம் மணியும் பிரம்பும்தான். பாட்டியிடம் போனால் பாட்டி பேசுவது புரியாது. வெள்ளைக்காரரிடம் போனால் வேலை கிடைக்காது. உள்ளே இருக்கிற வெட்கத்தைச் சாராயத்தில் கரைக்கப் பார்த்தால், "பார், இந்த ஜனமே குடிகார ஜனம்" என்று ஊர் சொல்லும். 2016-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி, கனடாவில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவிகிதம். ஆனால், பெற்றோரிடமிருந்து எடுத்து மற்றவர் வீட்டில் வளர்க்கப்படும் பிள்ளைகளில் 52.2 சதவிகிதம் பூர்வகுடிகள். பிள்ளை பிடிப்பது நிற்கவில்லை. வண்டி மாத்திரம் மாறியிருக்கின்றது என்று அந்த ஜனங்கள் சொன்னால் நாம் என்ன பதில் சொல்லமுடியும்?

மன்னிப்புகள் வந்தன. ஆங்கிலிக்கன் சபை 1993-லும், பிரெஸ்பிடீரியன் சபை 1994-லும், பிரதம மந்திரி ஸ்டீபன் ஹார்ப்பர் 2008 ஜூன் 11-ந்தேதியும் மன்னிப்புக் கேட்டார்கள். போப்பாண்டவர் பிரான்சிஸ் 2022-ல்தான் கனடா மண்ணில் வந்து கேட்டார். வார்த்தை வந்தது, பணம்? 2006-ஆம் வருஷத்து உடன்படிக்கையின் கீழ்க் கத்தோலிக்க அமைப்புகள் முடிந்த மட்டும் முயற்சி செய்து 2 கோடியே 50 லட்சம் டாலர் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டன. திரண்டது 40 லட்சத்துக்கும் குறைவு. ஆனால், அதே காலத்தில் சாஸ்கட்டூன் நகரில் சுமார் 2 கோடியே 85 லட்சம் டாலரில் ஒரு புதிய பெரிய கோயில் எழும்பிற்று! 2021-ல் ஊர் உலகம் கேட்ட பிறகே 3 கோடி தருகிறோம் என்று பிஷப்புகள் முன்வந்தார்கள். கல்லுக்குக் கிடைக்கிற பணம் மனிதனுக்குக் கிடைக்காது என்பதில் எல்லா மதமும் ஒரே மதம்தான்.

மர்ரி சின்க்ளேர் என்ற பூர்வகுடி நீதிபதியின் தலைமையில் உண்மை காணும் கமிஷன் 2015-ல் அறிக்கை கொடுத்து, 94 காரியங்களைச் செய்யச் சொல்லிற்று. அது கண்டுபிடித்த சாவுகளில் சுமார் மூன்றில் ஒன்றுக்குப் பெயரே எழுதி வைக்கப்படவில்லை. பாதிக்குக் காரணம் எழுதவில்லை. செலவாகும் என்று பிணத்தை வீட்டுக்கும் அனுப்பவில்லை. ஞானஸ்நானத்துக்குக் கணக்கு வைத்தவர்கள், தலைக்கு இவ்வளவு என்று பணத்துக்குக் கணக்கு வைத்தவர்கள், சாவுக்கு மாத்திரம் கணக்கு வைக்க மறந்துவிட்டார்களாம்!

2021-ல் கம்லூப்ஸ் பள்ளி நிலத்தில் ரேடார் கருவியால் பார்த்து, சுமார் 200 இடங்களில் புதைகுழிகள் இருக்கலாம் என்று சொன்னார்கள். இதில் நாம் ஜாக்கிரதையாகப் பேசவேண்டும். ரேடார் மண் கலைந்த இடத்தைக் காட்டும், எலும்பைக் காட்டாது. தோண்டிப் பார்க்கும்வரை இவ்வளவு பிணம் என்று சொல்லுவது பகுத்தறிவாகாது. ஆனால், அதைப் பிடித்துக்கொண்டு "எல்லாமே கட்டுக்கதை" என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மண்ணைத் தொடாமலே, சர்க்காரின் காகிதத்திலிருந்தும் சபைகளின் காகிதத்திலிருந்தும் எடுத்து, பெயரோடு 4,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளின் சாவு பட்டியலாயிருக்கின்றது. குற்றத்தை நிரூபிக்க மண்வெட்டி தேவையில்லை. குற்றவாளியின் கணக்குப் புத்தகமே போதும். கோபத்தில் சில இடங்களில் கோயில்களைக் கொளுத்தினார்கள். அதுவும் கூடாது. அந்த ஜனங்களிலேயே பலர் இன்றும் கிறிஸ்தவர்கள். அது அவர்கள் இஷ்டம். நமக்கு வேண்டியது சாம்பல் அல்ல, கணக்கு.

நாம் செய்யவேண்டியது

ஆகவே தோழர்களே, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. பள்ளிக்கூடம் என்று எழுதிய பலகையைப் பார்த்தவுடன் கும்பிட்டுவிடக் கூடாது. யார் நடத்தினாலும், சாமியார் நடத்தினாலும், பாதிரியார் நடத்தினாலும், மௌல்வி நடத்தினாலும், சர்க்காரே நடத்தினாலும், மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளை என்னைப் பார்த்து வெட்கப்படும்படி சொல்லிக் கொடுக்கிறாயா, அல்லது நிமிர்ந்து நிற்கும்படி சொல்லிக் கொடுக்கிறாயா? என் பிள்ளை உன்னைப் பார்த்து "ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லுவாயா, பிரம்பை எடுப்பாயா? என் பிள்ளையை நான் நினைத்த நேரத்தில் வந்து பார்க்கவும், வேண்டாமென்றால் அழைத்துப்போகவும் எனக்கு உரிமை உண்டா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லுகிற இடம் ஓலைக்கொட்டகையானாலும் அது பள்ளிக்கூடம். சொல்லாத இடம் மாடமாளிகையானாலும் அது பட்டிதான்.

கனடா தேசத்துப் பூர்வகுடிகள் இன்று தங்கள் பாஷையைத் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே சொல்லிக் கொடுக்க முயலுகின்றார்கள். பாட்டிக்குத் தெரிந்த வார்த்தையைப் பேத்தி எழுதிவைக்கின்றாள். 150 வருஷ அடிக்குப் பிறகும் அந்த வார்த்தை சாகவில்லை என்பதிலிருந்து, மானத்தைப் பறிக்க வந்தவர்கள் முழுவதும் ஜெயிக்கவில்லை என்று தெரிகின்றது. அவர்களுக்கு நமது மரியாதையைத் தெரிவித்துக்கொண்டு, நம் பிள்ளைகள் விஷயத்திலும் நாம் கண்ணை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.